கையும் வாயும் முட்டிக்காம ஆடணும்: டீம் கேமுக்குப் புதுசா வர்றவங்களுக்கு கீபோர்டு, கீபேட், வாய்ஸ் சாட் வழிகாட்டி

திருமங்கலத்துல இருக்குற எங்க அக்கா மகன் பத்தாவது பரீட்ச முடிஞ்ச மறுநாளே போன் போட்டான். "மாமா, கம்ப்யூட்டர்ல டீம் கேம் ஆட ஆரம்பிச்சிருக்கேன், ஓடிக்கிட்டே குதிச்சா குதிக்க மாட்டேங்குது, நான் பேசுறதும் ஒருத்தனுக்கும் கேக்க மாட்டேங்குது, எல்லாரும் என்னையவே வையிறாய்ங்க"ன்னு சொல்லும்போதே பயலுக்குக் குரலு கம்மிப்போச்சு. ஞாயித்துக்கிழம காலையில மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டுல பஸ் ஏறிப் போயி சாயங்காலம் வரைக்கும் ஒக்காந்து ரெண்டையும் சரி பண்ணிட்டுத்தான் வந்தேன். பெரிய செலவு ஒண்ணும் இல்ல, ஒரு கீபோர்டு, 120 ரூவாய்க்கு ஒரு ஒயரு, மிச்சமெல்லாம் செட்டிங்ஸ் தான். அன்னைக்கு எந்த வரிசையில செஞ்சேனோ அதே வரிசையில எழுதுறேன், நீங்களும் அப்படியே பாத்துக்கிட்டே போங்க.

நான் ஆடப் பழகுனது சிம்மக்கல் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர்ல. கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6ங்கிற சுடுற கேம் ஓடுன காலம். வாய்ஸ் சாட்டுன்னு ஒண்ணு தேவையே இல்ல, பக்கத்து சீட்டுல இருக்குறவன முழங்கையால இடிச்சு "பின்னாடிடா"ன்னு கத்துனா போதும். இப்ப எங்க செட்டுல ஒருத்தன் மேலூர்ல, ஒருத்தன் சென்னையில, ஒருத்தன் துபாய்ல, நான் செல்லூர்ல. முழங்கையால இடிக்க முடியாது, அந்த வேலைய மைக்கு செய்யணும். அதனால டீம் கேம்ல கீபோர்டையும் மைக்கையும் தனித்தனி சமாச்சாரமா பாக்காதீங்க, கை ஒரு வேல பாக்கும்போது வாய் ஒரு வேல பாக்கணும், ரெண்டும் ஒரே விரலுக்குச் சண்ட போட்டுச்சுன்னா எத்தன ஆயிரம் ரூவாய்க்கு சாமான் வாங்கியும் புண்ணியம் இல்ல.

மொத வேல, இருக்குற கீபோர்ட டெஸ்ட் பண்றது. புதுசு வாங்க ஓடாதீங்க. நோட்பேட தொறந்துக்கிட்டு ரெண்டு ஷிஃப்ட்டையும் ரெண்டு கையால அமுக்கிப் புடிச்சுக்கிட்டே ஏ-லருந்து இசட் வரைக்கும் ஒவ்வொரு எழுத்தா அடிச்சுப் பாருங்க (பக்கத்துல யாரையாச்சும் ஷிஃப்ட்ட புடிக்கச் சொன்னா இன்னும் சுளுவு). சாதா கீபோர்டா இருந்தா சில எழுத்து விழவே விழாது. கீ கெட்டுப்போச்சுன்னு நெனைக்காதீங்க, தனியா அமுக்குனா விழும். உள்ள என்ன நடக்குதுன்னா, 104 கீக்கும் 104 ஒயர் போட மாட்டாய்ங்க, குறுக்கயும் நெடுக்கயும் கோடு போட்டு கட்டம் கட்டமா பிரிச்சு, எந்தக் கோடும் எந்தக் கோடும் தொடுதுன்னு வச்சுத்தான் இது இந்தக் கீன்னு கண்டுபுடிக்கும். ஒரு கட்டத்தோட மூணு மூலைய ஒரே நேரத்துல அமுக்குனா நாலாவது மூலையும் அமுக்குன மாதிரியே கரண்டு சுத்தி வந்துரும், கீபோர்டுக்குக் குழப்பமாயிரும். அமுக்காத கீ விழுந்தா அதுக்குப் பேரு கோஸ்டிங். அந்தக் குழப்பமே வேணாம்னு மூணாவதா அமுக்குறத கீபோர்டே தூக்கிப் போட்டுரும், அதான் நம்மளுக்கு எழுத்து விழாமப் போறது. கேம்ல டபிள்யூ முன்னாடி, ஏ இடது, எஸ் பின்னாடி, டி வலது, ஸ்பேஸ் குதிக்கிறதுக்கு. அக்கா மகன் வீட்டுல டபிள்யூவும் ஏவும் அமுக்கிக்கிட்டு ஸ்பேஸ தட்டுனா ஸ்பேஸ் விழல, டபிள்யூவும் டியும் அமுக்கிக்கிட்டு தட்டுனா ஜோரா விழுகுது. இடப்பக்கம் சாஞ்சு ஓடுறப்ப மட்டும் பய குதிக்க மாட்டாம செத்துக்கிட்டே இருந்திருக்கான், தான் தான் சரியா அமுக்கலன்னு நெனச்சுக்கிட்டு.

இன்னொரு டெஸ்ட் இருக்கு. விண்டோஸ்லயே ஆன் ஸ்க்ரீன் கீபோர்டுன்னு ஒண்ணு உண்டு, ஸ்டார்ட்ல ஓ எஸ் கேன்னு அடிச்சா வரும், நீங்க அமுக்குற கீயெல்லாம் அதுல கலர் மாறிக் காட்டும். உங்க கேம்ல என்னென்ன கீய சேத்து அமுக்குவீங்களோ அத்தனையும் ஒவ்வொரு ஜோடியா, மூணு மூணா அமுக்கிப் பாருங்க. எல்லாம் எரியுதுன்னா உங்க கீபோர்டு போதும், அடுத்த ரெண்டு பத்தியத் தாண்டிப் போங்க.

எரியலன்னா புதுசு வாங்கணும். மீனாட்சி பஜார் பக்கமோ டவுன் ஹால் ரோடு பக்கமோ கடைக்கு நேர்லயே போங்கன்னு சொல்லுவேன், ஏன்னா கீபோர்டு விரல வச்சுப் பாத்து வாங்க வேண்டிய சாமான், செருப்பு மாதிரி. பெட்டியில 19 கீ ஆன்டி கோஸ்டிங், 26 கீ ஆன்டி கோஸ்டிங்னு போட்டிருப்பாய்ங்க, அதுக்கு அர்த்தம் டபிள்யூ ஏ எஸ் டி இருக்குற சுத்துப்பட்டு கீய மட்டும் கோடு மாத்திப் போட்டு சரி பண்ணியிருக்கோம்ங்கிறது. புதுசா ஆடுறவங்களுக்கு அதுவே தாராளம். என் கீ ரோல் ஓவர்னு (இங்கிலீஷ் எழுத்து N) போட்டிருந்தா எத்தன கீய அமுக்குனாலும் அத்தனையும் விழும். 6 கீ ரோல் ஓவர்னா ஷிஃப்ட், கன்ட்ரோல், ஆல்ட் போக ஆறு கீ விழும், ஒரு கையில இருக்குறதே அஞ்சு விரல், கணக்கு நீங்களே போட்டுக்கங்க. கடக்காரர்கிட்ட "அண்ணே, ஒரு கம்ப்யூட்டர்ல சொருகிப் பாத்துக்கிறேன்"ன்னு கேளுங்க, மேல சொன்ன டெஸ்ட்டு முப்பது செகண்டு தான், மாட்டேன்னு சொல்றவங்க கம்மி.

மெம்பரேனா மெக்கானிக்கலான்னு கேப்பீங்க. மெம்பரேன்னா உள்ள ரப்பர் குமிழ், விலை கம்மி, சத்தமும் கம்மி. மெக்கானிக்கல்னா ஒவ்வொரு கீக்கும் தனித்தனி ஸ்விட்ச், ஸ்ப்ரிங்கு, ரொம்ப வருஷம் உழைக்கும். இதுல கலர் பேரு வரும், ஜெர்மனி செர்ரி கம்பெனி வச்ச பேரு, இப்ப எல்லாக் கம்பெனிக்காரனும் அதையேதான் சொல்றான். ரெட்டுன்னா தடங்கல் இல்லாம நேரா எறங்கும், செர்ரி ரெட்டுக்கு 45 கிராம் அழுத்தம், 2 மில்லிமீட்டர் எறங்குனதுமே கீ விழுந்துரும், அடி வரைக்கும் குத்தத் தேவையில்ல. பிரவுன்னா நடுவுல லேசா ஒரு திட்டு தட்டுப்படும். புளூன்னா ஒவ்வொரு தட்டுக்கும் டிக்கு டிக்குன்னு சத்தம். எழுதுறதுக்கு புளூ நல்லாத்தான் இருக்கும், ஆனா வாய்ஸ் சாட்டோட ஆடப்போறவங்க தயவு செஞ்சு புளூ வாங்காதீங்க, நீங்க ஓடுற ஓட்டமெல்லாம் மைக்கு வழியா போயி டீம்ல நாலு பேரு காதுல டைப்ரைட்டிங் கிளாஸ் நடக்கும், எதிராளியோட காலடிச் சத்தம் அவங்களுக்குக் கேக்காது. ரெட்டு எடுங்க, இல்ல நல்ல மெம்பரேனே எடுங்க. நம்பர் பேடு இல்லாத 87 கீ கீபோர்டு கெடச்சா அது இன்னும் நல்லது, மவுஸ் நகர இடம் கெடைக்கும், நம்ம வீட்டு கம்ப்யூட்டர் டேபிள் அகலம் எம்புட்டுன்னு நம்மளுக்குத் தெரியும்ல.

இப்ப ரெண்டு எதிர்த்திசைக் கீய சேத்து அமுக்குனா கீபோர்டே ஒண்ண வெட்டி விட்டு அடுத்த திசைய ஒடனே எடுக்குற மாதிரி வெலை ஒசந்த கீபோர்டெல்லாம் வருது. அத நம்பி காசு போடாதீங்க. கவுன்டர் ஸ்ட்ரைக் 2 ஆட்டத்துல அந்த மாதிரி கீபோர்டு தானா செய்யிற வேலைக்கு அந்த கேமோட சொந்தக்காரங்க வால்வ் கம்பெனி 2024 ஆகஸ்ட்லயே தட போட்டாச்சு, அவங்க சர்வர்ல பயன்படுத்துனா ஆட்டத்துலருந்து வெளிய தள்ளிரும். விரலாலதான் பழகணும்.

அடுத்து கை வைக்கிற எடம். எல்லாரும் இன்னைக்கு டபிள்யூ ஏ எஸ் டி தான், ஆனா ஆரம்பத்துல அப்படி இல்ல, அம்புக்குறி கீயிலதான் பாதிப் பேரு ஆடிக்கிட்டு இருந்தாய்ங்க. 1996-ல குவேக்னு ஒரு சுடுற கேம் வந்துச்சு, அதுல த்ரெஷ்ங்கிற பேருல ஆடுன டெனிஸ் ஃபாங் 1997-ல ஒரு போட்டியில ஜெயிச்சு, அந்த கேமை எழுதுன ஜான் கார்மாக்கோட ஃபெராரி காரையே பரிசா வாங்கிட்டுப் போனாரு. அவரு விரல் வச்ச எடம் இதுங்கவும் எல்லாரும் அங்க தாவிட்டாங்க. காரணமும் இருக்கு, டபிள்யூ ஏ எஸ் டியச் சுத்தி கியூ, இ, ஆர், எஃப், சி, வி, ஷிஃப்ட், கன்ட்ரோல், ஸ்பேஸ்னு எட்டுற தூரத்துல ஒரு டஜன் கீ கெடக்கு, அம்புக்குறிய சுத்தி அம்புட்டு இல்ல. நடுவிரல் டபிள்யூ மேல, மோதிர விரல் ஏ மேல, ஆள்காட்டி டி மேல, சுண்டு விரல் ஷிஃப்ட் மேல, கட்டவிரல் ஸ்பேஸ் மேல. இத மனசுல வச்சுக்கங்க, கீழ பேசுற பட்டன் எதுன்னு முடிவு பண்றப்ப இதுதான் கணக்கு. மணிக்கட்டு டேபிள் விளிம்புல அழுந்துற மாதிரி வைக்காதீங்க, முழங்கையும் டேபிள் மட்டத்துக்கு இருக்கட்டும், பிளாஸ்டிக் சேர் தாழ்வா இருந்தா தலகாணி போட்டு ஒசத்திக்கங்க.

விண்டோஸ்ல வெட்ட வேண்டிய களை மூணு. ஷிஃப்ட்ட அஞ்சு தடவ தட்டுனா ஸ்டிக்கி கீஸ்னு பெட்டி வரும், வலது ஷிஃப்ட்ட எட்டு செகண்டு புடிச்சா ஃபில்டர் கீஸ் வரும் (மேல சொன்ன டெஸ்ட்டு பண்றப்பவே வந்திருந்தாலும் வந்திருக்கும், வேணாம்னு குடுத்துருங்க). ரெண்டையும் செட்டிங்ஸ்ல ஆக்சஸிபிலிட்டி, கீபோர்டுன்னு போயி, அந்த ஷார்ட்கட்டையே ஆஃப் பண்ணிருங்க. ரெண்டாவது விண்டோஸ் கீ, சுண்டுவிரல் தவறிப் பட்டா கேம் கீழ போயி ஸ்டார்ட் மெனு வந்து நிக்கும், நெறைய கேமிங் கீபோர்டுல எஃப் என் கூட விண்டோஸ் கீய அமுக்குனா அது பூட்டிக்கும்.

மூணாவது நம்மள மாதிரி ரெண்டு மொழி போட்டு வச்சிருக்குறவங்களுக்கு வர்றது, அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன். வீட்டு கம்ப்யூட்டர்ல அப்பாவோ அக்காவோ தமிழ் அடிக்க தமிழ் கீபோர்டு போட்டு வச்சிருப்பாங்க. விண்டோஸ்ல ரெண்டு மொழி இருந்தா இடது ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் சேந்தா மொழி மாறிரும், கேம்ல ஷிஃப்ட்டும் ஆல்ட்டும் சேத்து அமுக்குறது சகஜம், ஒடனே கீபோர்டு தமிழுக்குப் போயிரும். சில கேம்ல நகர்றது நின்னுரும், சில கேம்ல ஓட்டம் ஒழுங்கா இருக்கும் சாட்டுல மட்டும் தமிழா விழுகும். கேம் ஹேங் ஆயிருச்சுன்னு ரீஸ்டார்ட் பண்ணாதீங்க, கீழ வலது ஓரத்துல மொழி என்னன்னு பாருங்க. விண்டோஸ் செட்டிங்ஸ்ல அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ், இன்புட் லேங்குவேஜ் ஹாட் கீஸ்னு போயி அந்த ஆல்ட் ஷிஃப்ட்ட எடுத்துருங்க, மொழி மாத்த விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் இருக்கவே இருக்கு. என்ஹெச்எம் ரைட்டர் மாதிரி தனி சாஃப்ட்வேர் போட்டிருந்தா அது ஆல்ட்டோட நம்பர அமுக்குனா தமிழுக்கு மாறும், ஆயுதம் மாத்த நம்பர அமுக்குறவங்களுக்கு அதுவும் வம்பு, ஆட ஒக்காரும்போது மூடி வச்சிருங்க.

கீபேட் பத்தி. இடது கைக்கு மட்டும் தனியா ஒரு சின்னப் பலகை, அதுல கீ, கட்டவிரலுக்கு ஒரு திசைக்கட்ட, அதான் கேமிங் கீபேட். பெல்கின் நாஸ்ட்ரோமோலருந்து வந்த பரம்பர, இப்ப ரேசர் டார்டரஸ் மாதிரி கெடைக்குது, லாஜிடெக் ஜி13ன்னு ஒண்ணு இருந்துச்சு நிறுத்திட்டாங்க. மந்திரம், மருந்து, தாக்குதல்னு இருவது முப்பது கட்டளை இருக்குற பெரிய ஆன்லைன் ஆர்பிஜி (ஒரு பாத்திரமா மாறி ஆடுற கேம்) ஆடுறவங்களுக்கு ஒதவும், சுடுற கேம் ஆடுறவங்களுக்கு மொத வருஷம் தேவையே இல்ல. ஆசையா இருந்தா தனி யூஎஸ்பி நம்பர் பேடு ஒண்ணு வாங்குங்க, அக்கவுன்ட் பாக்குறவங்க லேப்டாப்புல சொருகுறது, சில நூறு ரூவாதான். எட்டு முன்னாடி, நாலு இடது, அஞ்சு பின்னாடி, ஆறு வலதுன்னு கேம் செட்டிங்ஸ்ல மாத்திக்கலாம். ஒரே ஒரு எச்சரிக்க, நம் லாக் போட்டிருந்தாலும் ஷிஃப்ட்ட அமுக்கிக்கிட்டு நம்பர அமுக்குனா விண்டோஸ் அத அம்புக்குறின்னு எடுத்துக்கும், அதனால ஓடுறதுக்கு ஷிஃப்ட்ட வைக்காதீங்க, வேற கீக்கு மாத்துங்க. இடது கையால மவுஸ் புடிக்கிற புள்ளைகளுக்கு இந்த நம்பர் பேடு ரொம்ப நல்ல வழி, வலது கையில வசதியா ஒக்காரும், அதுக்காக கீபோர்ட திருப்பிப் போட்டு கஷ்டப்பட வேண்டியதில்ல.

கை முடிஞ்சது, இனி வாய். அக்கா மகன் வச்சிருந்தது செல்போன் ஹெட்செட். பச்ச ஓட்டையில சொருகியிருந்தான், பாட்டு கேக்குது, ஆனா பேச்சு போகல. போன் ஹெட்செட்டோட பின்ன வெளிச்சத்துல வச்சுப் பாத்தீங்கன்னா மூணு கருப்பு வளையம் இருக்கும், அப்பன்னா நாலு பகுதி, இடது காது, வலது காது, எர்த்து, மைக்கு நாலும் ஒரே பின்னுல. டெஸ்க்டாப்புல பச்ச ஓட்டை காதுக்கு மட்டும், ரோஸ் கலர் ஓட்டை மைக்குக்கு மட்டும், அதுக்கு வர்ற பின்னுல ரெண்டு வளையந்தான் இருக்கும். ஒரே பின்ன பச்சையில சொருகுனா மைக்கு அந்தரத்துல நிக்குது. இதுக்கு ஒய் மாதிரி பிரியிற ஒரு ஸ்ப்ளிட்டர் ஒயர், ஒரு பக்கம் ஒரு ஓட்டை, மறுபக்கம் ரெண்டு பின்னு, மைக்கு படம் போட்டது ரோசுல, ஹெட்போன் படம் போட்டது பச்சையில. 120 ரூவாய்க்கு வாங்கிட்டுப் போயிருந்தேன், சொருகி "பேசுடா மாப்ள"ன்னேன், அவன் "ஹலோ"ன்ன ஒடனே ஸ்க்ரீன்ல மைக்கு சத்தத்தக் காட்டுற பச்சக் கோடு துள்ளுனது இன்னும் கண்ணுல நிக்குது. கடையில கேக்குறப்ப கவனம், ஒரே பாட்ட ரெண்டு பேரு கேக்குற ஸ்ப்ளிட்டர தூக்கிக் குடுத்துருவாங்க, அதுல ஒரு பின்னு ரெண்டு ஓட்டை, அது வேற. லேப்டாப்புல பெரும்பாலும் ஒரே ஓட்டைதான், அதுக்கு ஸ்ப்ளிட்டர் வேணாம்.

சொருகியும் கேக்கலன்னா விண்டோஸ் செட்டிங்ஸ்ல பிரைவசி, மைக்ரோபோன்னு போயி ஆப்புக்கெல்லாம் மைக்கு அனுமதி இருக்கான்னு பாருங்க, அப்புறம் சவுண்டுல இன்புட் எது தேர்வாயிருக்குன்னு பாருங்க, வெப்கேம் மைக்க புடிச்சுக்கிட்டு நிக்கும். கொர்ர்ருன்னு எரைச்சல் வந்தா முன்பக்க ஓட்டைய விட்டுட்டு பின்னாடி மதர்போர்டு ஓட்டையில சொருகிப் பாருங்க, லேப்டாப்புன்னா சார்ஜர உருவிட்டுப் பாருங்க, சார்ஜர் உருவுனா எரைச்சல் நிக்குதுன்னா வீட்டு எர்த்துல கோளாறு இருக்கலாம், எலக்ட்ரீசியன கூப்புட்டு காட்டுங்க, அது கேமுக்காக மட்டும் இல்ல. யூஎஸ்பி ஹெட்செட்டுன்னா இந்தத் தொல்ல பாதி கெடையாது.

புளூடூத் ஹெட்செட்ட ஆட்டத்துக்குப் போடாதீங்க. பாட்டு கேக்குறப்ப நல்லாத்தான் இருக்கும், ஆனா மைக்கு ஆன் ஆன நிமிஷம் பெரும்பாலும் அது போன் பேசுற முறைக்கு மாறிரும், சத்தம் மொத்தமும் பழைய ரேடியோ மாதிரி ஒடுங்கிப்போகும், இடது வலது பிரிச்சுத் தெரியாது. எதிராளி எந்தப் பக்கம் நடக்குறான்னு காதுலதான கண்டுபுடிக்கணும். சத்தம் வந்து சேர்றதுலயும் தாமதம் இருக்கு. ஒயரே போதும்.

மைக்கு வைக்கிற எடம் பெரிய விஷயம். வாய்க்கு நேரா வச்சா ப, ட வர்ற எடத்துல எல்லாம் புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்தடிக்கும், வாயோட ஓரத்துல ரெண்டு விரக்கட தள்ளி, தாடைப் பக்கமா கொஞ்சம் கீழ எறக்கி வைங்க. நம்ம ஊரு வெயில்ல ஃபேன ஆஃப் பண்ணிட்டு ஆடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா ஃபேனுக்கு நேர் கீழ ஒக்காராதீங்க, டேபிள் ஃபேன்னா மொகத்துக்கு அடிக்காம முதுகுக்கு அடிக்கிற மாதிரி திருப்புங்க, மைக்கு முனைக்கு பஞ்சுக் குல்லா ஒண்ணு மாட்டுங்க. எங்க தெருவுல இன்னும் தறி ஓடுது, சடக்கு சடக்குன்னு ஒரே தாளமா வரும், டிஸ்கார்டுங்கிற வாய்ஸ் சாட் ஆப்புல நாய்ஸ் சப்ரஷன்ல (எரைச்சல அமுக்குறது) கிரிஸ்ப்ன்னு இருக்குறத போட்டா அதையும் ஃபேனையும் நல்லா அமுக்கிரும். ஆனா பக்கத்து ரூம்ல டிவி சீரியல்ல பேசுறத அது மனுசக் குரலுன்னு விட்டுரும், கதவச் சாத்திக்கங்க. கோயில் கொடைக்கு குழாய் கட்டுன நாள்ல எந்த சாஃப்ட்வேரும் நிக்காது, அன்னைக்கு கீழ சொல்ற புஷ் டு டாக் தான் கதி.

சாஃப்ட்வேருக்கு வருவோம். முன்னாடி டீம்ஸ்பீக், வென்ட்ரிலோ, மம்பிள்னு இருந்துச்சு, 2015-ல டிஸ்கார்டு வந்ததுலருந்து நம்ம பசங்க பூராம் அங்கதான், 13 வயசு ஆயிருக்கணும் கணக்குத் தொறக்க. நண்பர்களுக்குன்னு ஒரு சர்வர் தொறந்து வாய்ஸ் சேனல்ல ஏறிக்கங்க. டேட்டா தீந்துரும்னு பயப்பட வேணாம், சேனல் வழக்கமா 64 கேபிபிஎஸ், அப்படின்னா ஒரு ஆளு மணிக்கணக்கா வாய மூடாம பேசுனாக்கூட மணிக்கு 29 எம்பிக்குப் பக்கத்துலதான். ஆட்டம் தடங்காம போக வைஃபைய விட லேன் ஒயர் நல்லது, அம்புட்டுதான். டிஸ்கார்டுல எல்லாரும் இருக்கீங்கன்னா கேமுக்குள்ள இருக்குற வாய்ஸ ஆஃப் பண்ணுங்க, இல்லன்னா ஒரே பேச்சு ரெண்டு தடவ கேக்கும். தெரியாத ஆளுங்க கூட சேந்து ஆடுறப்ப மட்டும் கேம் வாய்ஸ போடுங்க. இன்னொண்ணு, பேச ஆரம்பிச்சதும் கேம் சத்தம் பொசுக்குன்னு கொறஞ்சிருச்சுன்னா அது விண்டோஸ் செய்யிற வேல. பழைய சவுண்டு கன்ட்ரோல் பேனல்ல கம்யூனிகேஷன்ஸ்னு ஒரு டேப், அதுல 80 சதவீதம் கொறைன்னு போட்டிருக்கும், டு நத்திங்னு மாத்துங்க.

இப்ப முக்கியமான கட்டம். டிஸ்கார்டு இன்புட் மோடுல வாய்ஸ் ஆக்டிவிட்டி (சத்தம் கேட்டா மைக்கு தானா தொறக்குறது) வேணாம், புஷ் டு டாக் போடுங்க, பட்டன் அமுக்குனாத்தான் பேச்சு போகும். எந்தப் பட்டன்? வேலோரன்ட்ங்கிற சுடுற கேம்ல டீமுக்கு வி கீன்னு அவங்களே குடுத்திருப்பாங்க. வி அமுக்க எந்த விரல் போகும், ஆள்காட்டி. ஆள்காட்டி எங்க இருந்துச்சு, டி மேல. அப்ப பேசுற நேரமெல்லாம் நீங்க வலப்பக்கம் நகர முடியாது. அக்கா மகன் பேசுறப்பல்லாம் சுவத்த ஒட்டி சிலையா நின்னான், பேச்ச முடிச்சுட்டு நகர்றதுக்குள்ள முடிச்சுவிட்டுருவாய்ங்க. கேப்ஸ் லாக்குல வச்சா சுண்டுவிரல் ஷிஃப்ட்ட விட்டு வரணும், ஷிஃப்ட்ட புடிச்சு மெதுவா நடக்குறது போச்சு. நகர்ற வேல இல்லாத விரலுக்குத்தான் பேசுற வேலையக் குடுக்கணும், அப்படிப் பாத்தா வலது கைக் கட்டவிரல் சும்மா இருக்கு. மவுஸ்ல பக்கவாட்டுல ரெண்டு பட்டன் இருந்தா அதுல முன் பட்டன பேசுறதுக்கு வைங்க. சாதா மவுஸுன்னா இடது கட்டவிரல ஸ்பேஸுக்கு பக்கத்துல இருக்குற ஆல்ட்டுல வைங்க, குதிக்கிற நேரம் மட்டும்தான் முட்டும். இந்த ஒரே மாத்தத்துக்கு அப்புறம் பய பேசிக்கிட்டே ஓடுனான், அன்னைக்கு மதியம் அக்கா சாப்பிடக் கூப்புட்டது அவனுக்குக் காதுலயே விழல. கேமுக்குள்ள போனதும் பட்டன் வேல செய்யலன்னா கேம் அட்மினா ஓடுதுன்னு அர்த்தம், டிஸ்கார்டையும் ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் போட்டுத் தொறங்க.

புஷ் டு டாக் பக்கத்துலயே ரிலீஸ் டிலேன்னு ஒரு கோடு இருக்கும், விரல எடுத்ததுக்கு அப்புறம் எம்புட்டு நேரம் மைக்கு தொறந்திருக்கணும்கிறது. ஆரம்பத்துல 20 மில்லி செகண்டுதான் இருக்கும், தமிழ்ல பேசுற நம்மளுக்கு அது பத்தவே பத்தாது. ஏன்னா நம்ம பேச்சுல உண்டா இல்லையாங்கிறது கடைசியிலதான் வருது. மேப்புல பி-ன்னு ஒரு எடம் இருக்கு, "பி-ல யாரும் இல்ல"ன்னு சொல்லி விரல சட்டுன்னு எடுத்தா அங்க போயிச் சேர்றது "பி-ல யாரு"ங்கிறது மட்டும்தான், கேக்குறவன் பி-ல யாரோ இருக்கான்னு நெனச்சு சுடத் தயாராகுறான். "அவன் வரல" பாதியில வெட்டுப்பட்டா "அவன் வர". இங்கிலீஷ்ல "நோ ஒன்"னு மொதல்லயே சொல்லிருவாங்க, அவங்களுக்கு வால் வெட்டுப்பட்டா நட்டமில்ல, நம்மளுக்கு வால்லதான் உயிரு. கோட்ட 250 லருந்து 300 வரைக்கும் தள்ளுங்க. அதோட சொல்லி முடிச்சு ஒரு மூச்சு விட்டுட்டு விரல எடுத்துப் பழகுங்க.

சொல்ற விதமும் இருக்கு. நம்ம ஊர்ல எல்லாத்துக்கும் அங்குட்டு, இங்குட்டு, அந்தா நிக்கிறான். நேர்ல கைய நீட்டிச் சொல்றோம் புரியுது, வாய்ஸ் சாட்டுல கை தெரியாது. எடத்துப் பேர மொதல்ல, எத்தன பேரு ரெண்டாவது, என்ன செய்யிறாங்க கடைசியில. "லாங்ல ரெண்டு, முன்னாடி வர்றாய்ங்க." அதுக்கு மேப்புல எடத்துப் பேரு தெரியணும், கவுன்டர் ஸ்ட்ரைக்ல டஸ்ட் 2 மேப்புன்னா லாங், ஷார்ட், மிட், டனல்னு உலகம் பூராம் ஒரே பேரு, மொத நாள் ஆளில்லாத மேப்புல நடந்து நடந்து பேரச் சொல்லிச் சொல்லிப் பாருங்க, மாசி வீதி, ஆவணி மூல வீதி, சித்திரை வீதின்னு நம்ம கோயிலச் சுத்தி கத்துக்கிட்ட மாதிரிதான், நாலு சுத்து சுத்துனா மறக்காது. செத்ததும் ஒரு வரி தகவல் சொல்லிட்டு பட்டன விட்டுருங்க, உயிரோட இருக்குறவனுக்கு காலடிச் சத்தம் கேக்கணும்.

தெரியாதவங்க கூட ஆடுறப்ப இந்தி, இங்கிலீஷ்னு கலந்து வரும், எடத்துப் பேரும் எண்ணும் தெரிஞ்சாலே சமாளிச்சுரலாம். எவனாச்சும் அசிங்கமா வஞ்சா திருப்பி வையாதீங்க, பேர கிளிக் பண்ணி மியூட், அப்புறம் ரிப்போர்ட். பொண்ணு கொரல் கேட்டாலே வம்புக்கு வர்றாய்ங்க, அந்த மாதிரி நேரத்துல கூட ஆடுற மத்தவங்க வாய மூடிக்கிட்டு இருக்காம அவன மியூட் பண்ணுங்க, பொண்ணுக்கு ஆதரவா ஒரு வார்த்த சொல்லுங்க. பள்ளிக்கூடம், தெரு, போன் நம்பரு எதையும் வாய்ஸ்ல சொல்லாதீங்க, இலவசமா ஸ்கின் (கேம்ல துப்பாக்கிக்குப் போடுற அலங்காரம்) தர்றேன்னு லிங்கு அனுப்புனா தொடாதீங்க. சின்னப் பசங்க வீட்டுல பெரியவங்க ஒரு நாளு பக்கத்துல ஒக்காந்து ஹெட்செட்ட வாங்கிக் கேட்டுப் பாக்குறது நல்லது.

எல்லாம் முடிஞ்சதும் மேட்சுக்குள்ள நேரா போகாம டிஸ்கார்டு வாய்ஸ் செட்டிங்ஸ்ல மைக் டெஸ்ட் போட்டு, டபிள்யூ ஏ எஸ் டியத் தட்டிக்கிட்டே பேசிப் பாருங்க, உங்க குரல் உங்களுக்கே திரும்பக் கேக்கும். கீ சத்தம் தூக்கலா இருந்தா மைக்க இன்னும் வாய்க்குக் கிட்ட கொண்டு வந்து இன்புட் வால்யூம கொறைங்க, அதுதான் சரியான மருந்து, வால்யூம ஏத்துறது இல்ல. ஒரு நண்பன் குரல் மட்டும் சின்னதா கேட்டா அவன் பேரு மேல ரைட் கிளிக் பண்ணி அவனுக்கு மட்டும் ஏத்திக்கலாம், 200 சதவீதம் வரைக்கும் போகும்.

கரண்டு இருக்கே. மாசத்துல ஒரு நாளு பராமரிப்புக்குன்னு பகல் பூராம் நிறுத்துவாங்க, எந்த ஏரியான்னு முந்துன நாளே பேப்பர்ல வந்துரும், அன்னைக்கு ரேங்க் மேட்ச் போடாதீங்க. திடீர்னு போற கரண்டுக்கு ரூட்டருக்கு மட்டும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒண்ணு போட்டு வைங்க, வாங்குறப்ப உங்க ரூட்டர் அடாப்டர்ல எத்தன வோல்ட், எத்தன ஆம்பியர்னு எழுதியிருக்குறதப் பாத்து அதுக்குத் தக்கன வாங்குங்க. போன்லயும் டிஸ்கார்டு போட்டு அதே கணக்குல உள்ள போயி வைங்க. கம்ப்யூட்டர் அணைஞ்சாலும் வைஃபை நிக்கும், போன எடுத்து அதே வாய்ஸ் சேனல்ல ஏறி "கரண்டு போச்சுடா, நாலு பேரா சமாளிங்க, ஏ பக்கம் நான் பாத்துக்கிட்டு இருந்தேன், அங்குட்டு யாரும் இல்ல"ன்னு சொல்லிரலாம். அக்கா மகன் போன வாரம் அத அப்படியே செஞ்சான், அங்குட்டுன்னு சொல்லாம, ஏ ஷார்ட்னு சொன்னான்.